தோலுக்கு எதற்கு வயிற்றுப் பரிசோதனை?

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது நான்கு கடிதங்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. நாலு பேரும் கொப்புளத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் நாலு கடிதத்திலும் எங்கோ ஓர் ஓரத்தில் வயிறு எட்டிப் பார்க்கிறது. ஒருவர் அதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறார். இன்னொருவர் ‘சொல்லக் கூச்சமாக இருக்கிறது’ என்று ஆரம்பித்திருக்கிறார். தோல் மருத்துவராக முப்பது வருடம் ஓடிவிட்டது. இந்தக் கூச்சத்தால் வீணான மாதங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இந்த முறை இந்த நாலு கடிதத்துக்கு மட்டும் பதில்.

“டாக்டரம்மாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 53 வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் சர்க்கரை என்று சொன்னார்கள். அன்றிலிருந்து காலையில் கோதுமை ரவை உப்புமா, ராத்திரி சப்பாத்தி. ஒன்றரை வருடமாக முழங்கை, முழங்கால், பின்பக்கம் எல்லாம் தாங்க முடியாத அரிப்பு. சின்னச் சின்னக் கொப்புளமாக வரும், சொறிந்து உடைத்துவிடுவார். சிரங்கு என்று சொல்லி வீட்டோடு மூன்று தடவை மருந்து தடவிக் குளித்தோம். குறையவில்லை. இப்போது பார்க்கும் தோல் டாக்டர் சதை எடுத்துப் பரிசோதித்து, ஹெர்பிஸ் மாதிரி ஏதோ ஒரு பெயர் எழுதி, டாப்சோன் மாத்திரை கொடுத்திருக்கிறார். மருந்துக் கடைப் பையன் ‘இது குஷ்டத்துக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே’ என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இவர் தனித்தட்டில் சாப்பிடுகிறார், பேரனைத் தூக்குவதில்லை. மாத்திரையும் போடவில்லை. ரத்தம் 9.2தான் இருக்கிறது, குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. தோலுக்கு எதற்கு வயிற்றுப் பரிசோதனை?” (வாசகி, விருதுநகர்)

அம்மா, முதலில் பேரனைத் தூக்கி அவர் மடியில் உட்கார வையுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம். அவருக்கு இருப்பது தொழுநோய் இல்லை. ஹெர்பிஸ் என்ற வைரஸ் நோயும் இல்லை. யாருக்கும் ஒட்டாது. தட்டு, துண்டு, படுக்கை எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

டாக்டர் எழுதிய பெயர் ‘டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ்’ என்று இருக்கும். ஃபிலடெல்ஃபியாவில் இருந்த லூயி டூரிங் என்ற தோல் மருத்துவர் 1884-ல் வைத்த பெயர். கொப்புளங்கள் ஹெர்பிஸில் வருவதுபோலக் கொத்துக் கொத்தாக இருக்கின்றன என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் கிடையாது. நூற்று நாற்பது வருடமாக இந்தப் பெயர் குடும்பங்களில் வீண் சந்தேகத்தைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு.

மருந்துக் கடைத் தம்பி சொன்னது பாதி உண்மை. டாப்சோன் தொழுநோய்க்கான கூட்டு மருந்துகளில் ஒன்றுதான். 1940-களில் நம் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் இந்த சல்ஃபோன் வகை மருந்துகளைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வழிகாட்டியிருக்கிறார். அதே மாத்திரை, உங்கள் கணவருக்கு வந்திருக்கும் அரிப்பையும் அடக்கும். கிருமியைக் கொல்வதால் அல்ல. தோலில் வந்து குவியும் ஒருவகை வெள்ளணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்துவதால். இரண்டு மூன்று நாளிலேயே அரிப்பு அடங்கும். ஒன்றரை வருடம் தூங்காத மனிதர் மூன்றாம் நாள் தூங்குவதைப் பார்ப்பீர்கள்.

சரி, வயிற்றுக்கு வருவோம். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசையும்போது இழுத்தால் நீள்கிறதே, அந்தப் பசை இதுதான். பரம்பரையாக ஒரு குறிப்பிட்ட மரபணு அமைப்பு உள்ளவர்களில் சிலருக்கு இந்தப் புரதத்தைக் கண்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சண்டைக்குப் போகும். சண்டை நடக்கும் இடம் சிறுகுடல். சிறுகுடலின் உட்புறம் பூத்துவாலைபோல நுண்ணிய நீட்சிகளோடு இருக்கும். சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சுவது அவைதான். சண்டையில் அவை மழுங்கிப்போகும். முதலில் அடிபடுவது இரும்புச் சத்து. உங்கள் கணவரின் 9.2-க்குக் காரணம் அங்கே இருக்கலாம் என்றுதான் டாக்டர் குடலைப் பார்க்கச் சொல்கிறார்.

இந்தச் சண்டையில் உருவாகும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் சுற்றும். குடலில் இருக்கும் ஒரு நொதிக்கு எதிராக உருவானது அது. தோலில் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நொதி உண்டு. அதையும் எதிரி என்று நினைத்து ஐஜிஏ மேல்தோலுக்கு அடியில் பொடிப்பொடியாகப் படிகிறது. அங்கே வெள்ளணுக்கள் கூடி, தோல் பிரிந்து, கொப்புளமாகிறது. குடலில் ஆரம்பித்த தகராறு முழங்கையில் வந்து தெரிகிறது.

‘வயிறு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயாளிகளில் மிகப் பலர் அப்படித்தான் சொல்வார்கள். வலி இருக்காது, பேதி இருக்காது, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால் மட்டும் மாற்றம் தெரியும். 1966-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜேனட் மார்க்ஸும் அவருடைய சகாக்களும் இந்தத் தோல் நோயாளிகளின் சிறுகுடலைப் பரிசோதித்துப் பார்க்கும் வரை, எண்பது வருடம் யாருக்கும் இது முழுக்கத் தோல் நோயாகத்தான் தெரிந்தது.

கோதுமைதான் காரணம் என்று தெரிந்த கதை இன்னும் உருக்கமானது. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், தொடர்ந்த பேதியால் வாடிய குழந்தைகளை ரொட்டி இல்லாத சாப்பாட்டில் வைத்துக் கவனித்துக்கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் போர்ப் பஞ்சம். ஊரே பட்டினி, ரொட்டி கிடையாது. இந்தக் குழந்தைகள் மோசமாகவில்லை. பஞ்சம் தீர்ந்து ரொட்டி வந்த பிறகு பழையபடி படுத்தார்கள். அவர் நினைத்தது உறுதியானது.

நம் ஊரில் டாக்டர்களுக்கு இது சட்டென்று தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது. வட இந்தியா, வடகிழக்கு, தெற்கு மூன்றையும் ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2016-ல் வந்தது. குளூட்டனால் வரும் இந்தக் குடல் நோய் வடக்கே 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேல். வேலூர்ப் பக்கம் 1000 பேரில் ஒருவர். மரபணு அமைப்பு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வடக்கே ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார்கள், இங்கே 25 கிராம். அரிசி நம்மை இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. சர்க்கரை வந்ததும் வீட்டுக்கு வீடு சப்பாத்திக்கு மாறுகிறோம். உங்கள் கணவர் முன்பும் எப்போதாவது பரோட்டா சாப்பிட்டிருப்பார். தினமும் இரண்டு வேளை என்று ஆனதும் உள்ளே இருந்தது வெளியே வந்திருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியவை. பரிசோதனை எல்லாம் முடியும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். இதைப் படித்த ஆர்வத்தில் நாளைக்கே நிறுத்தினால் ரத்தப் பரிசோதனையும் குடல் சதைப் பரிசோதனையும் ‘ஒன்றுமில்லை’ என்று வந்துவிடும். தோல் பரிசோதனையில் ஐஜிஏ தெளிவாகத் தெரிந்தால் எண்டோஸ்கோபி எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. இவருக்கு ரத்தசோகை இருப்பதால் பார்த்துவிடுவது நல்லது. பத்துப் பதினைந்து நிமிட வேலை.

டாப்சோன் போடுவதற்கு முன்னால் ஜி6பிடி என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். அது சரியாக இருந்தாலும் எல்லோருக்கும் ரத்தம் கொஞ்சம் குறையும், 9.2-ல் இருப்பவருக்கு டாக்டர் குறைந்த அளவில் ஆரம்பித்து, முதல் சில வாரங்கள் அடிக்கடி ரத்தம் பார்ப்பார். காய்ச்சல், தொண்டைப்புண், உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடு நீலம் பாய்வது, கண் மஞ்சள் இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போக வேண்டும். இன்னொன்று, உங்கள் சர்க்கரை டாக்டருக்கு அவசியம் தெரிய வேண்டும்: டாப்சோன் போடும்போது மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பொய்யாகக் குறைத்துக் காட்டும். ‘சர்க்கரை அருமையாகக் குறைந்துவிட்டது’ என்று ஏமாந்துவிடக் கூடாது. வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுக்கும் அளவுகளை நம்புங்கள்.

மாத்திரை தோலை ஆற்றும், குடலை ஆற்றாது. குடல் ஆற வேண்டுமானால் கோதுமையை அடியோடு விட வேண்டும். இங்கேதான் நம் சமையலறையைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது. சப்பாத்தி, பூரி, பரோட்டா எல்லோருக்கும் தெரியும். ரவை கோதுமை என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. உப்புமா, கேசரி, ரவா தோசை, ரவா இட்லி எல்லாம் போயிற்று. கடையில் வாங்கும் சேமியா பெரும்பாலும் கோதுமைதான். திருநெல்வேலி அல்வா கோதுமைப் பால். பிஸ்கட், பன், ரஸ்க், மால்ட் கலந்த சத்துப் பானம், சோயா சாஸ். எல்லாவற்றையும் நிறுத்தியும் கொப்புளம் நிற்காத ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். வீட்டில் என்னென்ன டப்பா இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனதில் பெருங்காயத்தில் வந்து நின்றோம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் மைதா கலந்திருக்கும். தினமும் சாம்பாரில், ரசத்தில், மோரில், ஊறுகாயில் என்று அவர் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ஓட்டலில் சாதா தோசை கேட்டாலும், அதே கல்லில் ரவா தோசையோ பரோட்டாவோ போட்டிருப்பார்கள். வீட்டில் அவருக்கென்று தனியாக ஒரு கல் வாங்கிவிடுங்கள். தனித்தட்டு வேண்டாம், தனிக்கல் வேண்டும்.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, பருப்பு, கடலை மாவு, ஜவ்வரிசி எதிலும் குளூட்டன் கிடையாது. கம்பு, கேழ்வரகை மில்லில் அரைக்கும்போது முந்தைய ஆளின் கோதுமை மாவு ஒட்டியிருக்கும்; வீட்டிலேயே அரைக்க முடிந்தால் நல்லது. ‘அரிசி சாப்பிட்டால் சர்க்கரை ஏறுமே’ என்பீர்கள். சப்பாத்தியும் ஏற்றும் அம்மா. அளவுதான் முக்கியம். ஒரு கப் சோறு, அதைவிட அதிகமாகக் காய், ஒரு கிண்ணம் பருப்பு அல்லது சுண்டல். தோல் முழுக்க அடங்கப் பல மாதம் ஆகும், சிலருக்கு இரண்டு வருடம்கூட. அது வரை மாத்திரை கை கொடுக்கும். பிறகு டாக்டரே மெல்லக் குறைப்பார்.

“உடம்பெல்லாம் கொப்புளம். வயிற்றில் கழிவு தேங்கியதால் ரத்தம் கெட்டுவிட்டது, பேதிக்குச் சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்கள். வாயிலும் புண்ணாக இருக்கிறது. செய்யலாமா?” (வாசகர், ஒட்டன்சத்திரம்)

வேண்டாம். கழிவு தேங்கி ரத்தம் கெட்டுக் கொப்புளம் வருவதில்லை. வாயிலும் புண், உடம்பிலும் எளிதில் உடையும் கொப்புளம் என்றால் பெம்ஃபிகஸ் என்ற நோயாக இருக்கலாம். அதில் தோல் வழியாகவே உடம்பு நீரையும் புரதத்தையும் இழந்துகொண்டிருக்கும்; அதற்கு மேல் பேதியும் கொடுத்தால் ஆளே விழுந்துவிடுவார். இந்த வாரமே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். முழுங்கும்போது வலித்தால் அதையும் சொல்லுங்கள். புண் உணவுக்குழாயிலும் இருக்கக்கூடும்.

“ஏழு மாதக் குழந்தை. ஆறாவது மாதம் தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பால் ஆரம்பித்தோம். மூன்று வாரத்தில் வாயைச் சுற்றி, ஆசனவாயைச் சுற்றி, விரல் நுனிகளில் கொப்புளமும் சீழும் செதிலும். பேதி நிற்கவில்லை. தலைமுடி கொட்டுகிறது. எந்நேரமும் அழுகை. பூஞ்சைக்கும் கிருமிக்கும் மருந்து போட்டாயிற்று. நானும் கணவரும் மாமன் அத்தை மக்கள். என் ராசிதான் இப்படியோ என்று மாமியார் சொல்கிறார்.” (வாசகி, தேனி மாவட்டம்)

கண்ணம்மா, இந்தப் பத்திரிகை அச்சாகி வரும் வரை காத்திருக்கக் கூடாது என்று உனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மற்ற தாய்மார்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வாய், ஆசனவாய், விரல் நுனி மூன்றிலும் புண், கூடவே பேதி, முடி கொட்டுதல். இந்தச் சேர்க்கையைப் பார்த்ததும் துத்தநாகம், அதாவது ஜிங்க் குறைவு நினைவுக்கு வர வேண்டும். சில குழந்தைகளுக்குக் குடலில் ஜிங்கை உள்ளே இழுக்கும் வாசல் பிறவியிலேயே சரியாக அமைவதில்லை. தாய்ப்பாலில் இருக்கும் ஜிங்க் சுலபமாக உடம்பில் சேரும் என்பதால், பால் குடிக்கும் வரை சமாளித்துவிடுவார்கள். மாட்டுப்பாலோ புட்டிப்பாலோ ஆரம்பித்ததும் வெளிப்படும். ஆகவே உன் பால்தான் இத்தனை நாள் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது. இதை உன் மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியே சொல்.

1942-ல் நார்வேயில் டான்போல்ட், க்ளாஸ் என்ற இருவர் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். அந்தக் காலத்தில் இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. 1970-களில் லண்டனில் மொய்னஹன் என்ற மருத்துவர் ஜிங்க் கொடுத்துப் பார்த்த பிறகு எல்லாம் மாறியது. ரத்தத்தில் ஜிங்க் அளவு பார்த்து, குழந்தையின் எடைக்கு ஏற்பக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கில் ஆரம்பிப்பார்கள். சில நாளில் அழுகை குறையும், ஒன்றிரண்டு வாரத்தில் புண் ஆறும். பிறவிக் குறை என்றால் மருந்தை நிறுத்த முடியாது, ஆயுள் முழுக்க வேண்டும். பேதிக்கு அரசு கொடுக்கும் அதே ஜிங்க்தான், அரிய மருந்து ஒன்றும் இல்லை. அளவை மட்டும் நீயாகக் கூட்டிக் குறைக்காதே. அதிகமானால் உடம்பில் செம்புச் சத்து குறையும்.

சொந்தத்தில் கல்யாணம் என்று எழுதியிருக்கிறாய். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணு வந்தால்தான் இது வரும். சொந்தத்தில் அதற்கு வாய்ப்பு கூடுதல். அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபணு ஆலோசனை கேட்டுக்கொள். ராசிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

“வயது 27. கணுக்காலுக்கு மேல் ஒரு சீழ்க்கொப்புளம் வந்து, நாலு நாளில் ரூபாய் நாணயம் அளவுக்குப் புண்ணாகிவிட்டது. ஓரம் ஊதா நிறமாக இருக்கிறது. அழுகின சதை என்று இரண்டு தடவை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் பெரிதாகிறது. சீழைப் பரிசோதித்தால் கிருமி இல்லை என்கிறார்கள். சர்க்கரையும் இல்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எட்டு மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தமும் சளியும் போகிறது. மூலம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.” (வாசகர், திருப்பூர்)

தம்பி, நீ கடைசியில் எழுதிய இரண்டு வரிதான் முக்கியம்.

நான் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இதே மாதிரி ஒரு கைத்தறி நெசவாளர் வந்தார். காலில் ஊதா ஓரம் வைத்த புண். நான் புண்ணை அளந்தேன், சீழை அனுப்பினேன், மருந்து மாற்றினேன். சதையை வெட்டச் சொல்லி அறுவைப் பிரிவுக்கும் நானே எழுதிக் கொடுத்தேன். புண் முழங்கால் வரை ஏறியது. மூன்றாவது வாரம் கட்டு மாற்றும்போது ஒரு மூத்த நர்ஸ்தான் சொன்னார்: “இவர் ராத்திரியில் ஏழெட்டு தடவை கக்கூஸுக்குப் போகிறார் டாக்டர், ரத்தமாகப் போகிறதாம்.” நான் கேட்கவே இல்லை. அவரும், தோல் டாக்டரிடம் அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்ற பெருங்குடல் புண் நோய். சரியான மருந்து ஆரம்பித்த பத்து நாளில் புண் பரவுவது நின்றது. அந்த மூன்று வாரம் இன்னும் என் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து கொப்புளம், சீழ் என்று யார் வந்தாலும் மலம் எப்படிப் போகிறது என்று கேட்காமல் விட்டதில்லை.

உனக்கு இருப்பது பயோடெர்மா காங்கிரினோசம் என்ற நோயாக இருக்கலாம். 1930-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இதை விவரித்தபோதே பெருங்குடல் புண்ணோடு சேர்ந்து வருவதைக் கவனித்துவிட்டார்கள். பெயரைப் பார்த்தால் சீழ், அழுகல் என்று பயமாக இருக்கும். உண்மையில் கிருமி கிடையாது, அழுகலும் கிடையாது. உடம்பின் வெள்ளணுக்களே காரணமில்லாமல் கூடித் தோலைத் தின்கின்றன. இதன் முக்கியமான குணம், காயம் பட்ட இடத்தில் இன்னும் பரவுவது. ஊசி குத்திய இடத்தில்கூடப் புதிதாகக் கிளம்பலாம். வெட்ட வெட்டப் பெரிதாவது இதனால்தான். வெட்டியவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அழுகின சதை என்றால் வெட்டுவதுதான் வழக்கம். உன் குடலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருந்தால் யோசித்திருப்பார்கள்.

மூன்றாவது முறை வெட்டச் சம்மதிக்காதே. தோல் மருத்துவரும் குடல் மருத்துவரும் உள்ள ஒரு மருத்துவமனைக்குப் போ. புண்ணின் ஓரத்தில் சின்னத் துணுக்கு எடுத்து, இது வேறு நோய் இல்லை என்று உறுதி செய்வார்கள். அந்தச் சின்ன வெட்டு தேவையானது, அதற்குப் பயப்படாதே. பெருங்குடலையும் கொலோனோஸ்கோபியில் பார்ப்பார்கள். காசநோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் போன்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை ஆரம்பிப்பார்கள். நம் ஊரில் அந்தப் பரிசோதனையைத் தாண்டிப் போகவே கூடாது.

டாக்டர் முன்னால் வாய் வராது என்றால் எழுதிக்கொண்டு போ. எட்டு மாதம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா, தனியாகவா, ராத்திரியில் எழுப்புகிறதா, எடை எவ்வளவு குறைந்தது. காலைக் காட்டுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை மேஜை மேல் வை.